வண்டிய அணைங்க, சொல்றேன்

ஆடி மாதம் பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். நாலு மணிக்குப் பிடித்த மழை ஐந்தரைக்கு விட்டிருந்தது. காற்று இல்லை, புழுக்கம். மேற்கே இன்னொரு மழைக்கான மேகம் நின்றது. புதுச்சேரி ஸ்டேஷனிலிருந்து வில்லியனூர் பக்கம் போகும் தண்டவாளத்தின் மேல், ரயில்வே கேட்டுக்கு நடுவில், எங்கள் தெரு அம்மனின் சப்பரம் நின்றிருந்தது. சப்பரத்தின் கூரைமேல் என் மகன் செல்வம் நின்றிருந்தான். அவன் கையில் பன்னிரண்டு அடி மூங்கில் கம்பு, நுனியில் இரும்புக் கவட்டை. அவன் தலைக்கு மேலே ரயில்வேயின் மின்கம்பி.

"கம்பி இடிக்குது, தூக்கு! தூக்கு!" என்று கீழேயிருந்து கத்தினார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. செல்வம் கம்பை உயர்த்த ஆரம்பித்தான்.

அவனைத் தடுக்க வேண்டியவர் கேட்டுக்காரர். அவர் கத்துகிறவர் அல்ல.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவரைத் தெரியாமல் மீதியைக் கேட்டால், அந்த நிமிடம் நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று புரியாது.

என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கேட்டு தெரியும். முப்பத்தொரு வருடம் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கேட்டு மூடியிருக்கும்போது குனிந்து நுழைகிறவர்களை எண்ணுவேன். எண்ணி யாரிடமும் கொடுப்பதில்லை, என் மனக்கலக்கத்துக்கு அது ஒரு வேலை. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான், புதிதாக வந்த இந்தக் கேட்டுக்காரர் யாரையும் கூப்பிடுவதில்லை என்பதைக் கவனித்தேன்.

ஒல்லியான ஆள், ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டிருப்பார். வில்லியனூருக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வருவார். தண்டவாளத்து ஓரம் ஆடு மேய்ந்தால் எவரும் என்ன செய்வார்கள்? ஆட்டுக்காரியைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார்கள். இவர் அவள் உட்கார்ந்திருக்கும் வேப்பமரம்வரை நடந்து போவார். குனிந்து ஏதோ சொல்வார். திரும்பி நடந்து வருவார். வெயில், மழை எதுவானாலும் இதேதான். சொல்ல வேண்டியவரின் கை எட்டும் தூரத்துக்குப் போகாமல் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போனாலும் குரல் மேலே எழும்பாது. கேட்கிறவன் கழுத்தை நீட்டியாக வேண்டும்.

எதிர் வீட்டில் ஒரு சொல்தா வீட்டம்மா இருந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்துபோனவர். பாரிசிலிருந்து வரும் பென்ஷனும் பெரிய வாயும் அந்த அம்மாளுக்கு. "அந்தாளு பேசறத பாத்தா மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ற மாதிரி இருக்குதுய்யா. கேட்டு மூடப் போறேன்னு சொல்றதுக்கே காத குடுக்கணும். எனக்கென்னமோ நான் பாவம் பண்ணிட்ட மாதிரியே இருக்குது" என்பார். சொல்லிவிட்டு மறுநாள் அவருக்கு ஒரு தட்டில் கேக் அனுப்புவார்.

கேட்டில் நிற்பது கோபமான வேலை. அவசரத்தில் வருகிறவனை நிறுத்துகிறவனுக்கு யார் நல்ல வார்த்தை சொல்வார்கள்? ஒருநாள் ஒரு சின்ன லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. நான் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தேன்.

"யோவ், வண்டி எங்கயோ வில்லியனூர்ல வருது, இப்பவே மூடிட்டு உக்காந்துனு இருக்கியே, தொறய்யா! லோடு எறக்கிட்டு நான் இன்னும் ரெண்டு நடை போவணும்!"

கேட்டுக்காரர் நடந்து லாரியின் கதவருகே போனார். உதடு அசைந்தது.

"இன்னாது? கேக்கல!"

மறுபடியும் உதடு அசைந்தது. லாரியின் இன்ஜின் தடதடத்துக்கொண்டிருந்தது. கேட்டுக்காரர் சாவியைக் கைகாட்டினார். லாரிக்காரன் முகத்தைச் சுளித்து அணைத்தான்.

"வண்டிய அணைங்க, சொல்றேன்னு சொன்னேன்" என்றார் கேட்டுக்காரர்.

"அணைச்சாச்சு. சொல்லு."

"இன்னும் எட்டு நிமிசம் ஆவுங்க. டீ குடிச்சிட்டு வந்துடுங்க. நான் பாத்துக்கறேன் வண்டிய."

அவ்வளவுதான். இன்ஜின் நின்றதும் லாரிக்காரனின் கோபத்துக்கும் பிடிமானம் போய்விட்டது. சிறிது நேரம் உட்கார்ந்திருந்தான், பிறகு டீ குடிக்கப் போனான். இதை அவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை அதன் பிறகு பலமுறை கேட்டிருக்கிறேன். ஸ்கூட்டர்காரனிடம், ஷேர் ஆட்டோக்காரனிடம், ஒருமுறை போலீஸ் ஜீப்பில் வந்தவரிடமும். வண்டிய அணைங்க, சொல்றேன்.

எல்லோருக்கும் அது வேடிக்கை. எனக்கு அது பயம். கத்த வேண்டிய நேரம் என்று ஒன்று வருமே, அன்றைக்கு இந்த ஆள் என்ன செய்வார்? ரயில் தடத்தில் நிற்கிறவரல்லவா? நடந்து போய்ச் சொல்ல எல்லா நேரமும் நேரம் இருக்குமா?

ஒரு மத்தியானம் அப்படித்தான் ஆனது. ஒருவன் குடித்துவிட்டுத் தண்டவாளத்தின் குறுக்கே படுத்துவிட்டான். வண்டி வரும் நேரம். கேட்டுக்காரர் சிவப்புக் கொடியோடு எதிரே போய் அதைத் தண்டவாளத்தின் நடுவே நட்டார். டிரைவர் பார்த்துவிட்டு, தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்துக்கு எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. படுத்தவன் அசையவில்லை. தெருவே கேட்டோரம் நின்று "டேய், எழுந்திர்றா!" என்று கூச்சலிட்டது. நானும் மாடியிலிருந்து கத்தினேன். கேட்டுக்காரர் அவன் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, காதருகே ஏதோ சொன்னார். அவன் எழுந்து உட்கார்ந்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் தோளைப் பிடித்து எழுந்தான்.

வண்டி போனபிறகும் எனக்கு ஆறவில்லை. இறங்கிப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"ஒரு கத்து கத்தக் கூடாதா நீங்க? உக்காந்து ரகசியம் பேசற நேரமா அது?"

"குடிச்சவனுக்கு ஊரே கத்துற மாதிரி தானுங்க இருக்கும். அதுல நம்ம கத்து எதுன்னு அவன் எங்க கண்டுபிடிக்கறது?"

"என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

"வூட்ல சோறு ஆறுதுன்னேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வண்டி நின்றது, சரி. நிற்காத ஒன்று வந்தால்?

நிற்காத ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. தடத்தை மின்மயமாக்கியபோது கம்பி இழுத்தார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் அதைப் பார்த்துத் தாங்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். எங்கள் தடத்தில் ஒரு நாளைக்கு வரும் வண்டிகள் கொஞ்சம். ஆகையால் வண்டி வரும்போது மட்டும்தான் கரண்ட் விடுவார்கள், மற்ற நேரத்தில் சும்மா எதற்குச் செலவு செய்வார்கள் என்பது எல்லோரும் சேர்ந்து செய்த தீர்மானம். வீட்டில் ஆள் இல்லாதபோது ஃபேனை நிறுத்துகிற ஜனங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கேட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் பக்கத்தில் போய், "எப்பவும் இருக்குங்க, ராத்திரி பகல் எப்பவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காதைக் கொடுத்தவர்களுக்கு மட்டும் கேட்டது.

அம்மன் சப்பரம் அதுவரை கேட்டுக்கு இந்தப் பக்கமே சுற்றித் திரும்பிவிடும். அந்த வருடம் கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் புது மனைக்காரர்கள் நல்ல உபயம் கொடுத்தார்கள். அம்மன் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்றார்கள். விழாக் கமிட்டித் தலைவர் மாவு மில் வைத்திருந்தவர். கோயிலில் கூட்டம் போட்டார். கணக்கு பார்ப்பவன் என்பதால் நானும் இருந்தேன். கேட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கேட்டுக்காரர் தலைவரின் அருகே போய் நின்று சொன்னார். "ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டீங்க, சரி. அம்மன் போலாம். கேட்டுக்கு முன்னால இருக்கற உயரத் தடுப்புக்குக் கீழ சப்பரம் அடங்கணும். கம்பு மட்டும் வரக் கூடாதுங்க."

தலைவர் தலையை ஆட்டினார். எவ்வளவு கேட்டது என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது, பக்கத்தில் இருந்தேன்.

கம்பு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் தெருக்களில் கரண்டு ஒயர், டிவி ஒயர், இன்டர்நெட் ஒயர் எல்லாம் துணிக்கொடி மாதிரி தொங்கும். சப்பரம் போனால் ஒருவன் மேலே ஏறி நின்று, கவட்டைக் கம்பால் ஒவ்வொரு ஒயராகத் தூக்கிவிட்டு, சப்பரம் தாண்டியதும் இறக்க வேண்டும். எட்டு வருடமாக அந்தக் கம்பு செல்வத்தின் கையில். முப்பத்துநாலு வயது, இரண்டு பெண் குழந்தைகள், ஊர் ஊராக டிவி ஒயர் இழுக்கிற தொழில். ஒயரைக் கண்டால் அவனுக்குப் பயம் கிடையாது. அதுதான் என் பயம்.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன்.

"ப்பா, வண்டி வரும்போது தான்பா கரண்ட் வுடுவான்" என்றான்.

"எப்பவும் இருக்கும்னு கேட்டுக்காரர் சொல்றார்டா."

"அவர் சொல்றது யாருக்குக் கேட்டுச்சு?" என்று சிரித்தான். மருமகளும் சிரித்தாள். "சரி, நீ பயப்படாத. கேட்டுக்கிட்ட கம்ப படுக்க வெச்சுடறேன். போதுமா?"

சொன்னபடி அன்றைக்கு வைத்தான். அதையும் சொல்ல வேண்டும். உயரத் தடுப்பின் குறுக்குக் கம்பத்துக்கு முன்னால் கேட்டுக்காரர் நடந்து வந்து, சப்பரத்தின் சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்து ஏறி, கூரையில் இருந்தவனிடம் ஏதோ சொன்னார். செல்வம் கம்பைக் கூரையில் படுக்க வைத்தான். தானும் குனிந்துகொண்டான். சப்பரம் தடுப்புக்கு அடியில் நுழைந்தது. கேட்டுக்காரர் இறங்கி, கேட்டைத் தூக்கும் சக்கரத்தருகே போய்விட்டார். அதுதான் அவர் இருக்க வேண்டிய இடம்.

சப்பரம் தண்டவாளத்தில் ஏறியதும் ஒரு டயர் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் இறங்கி மாட்டிக்கொண்டது. தள்ளுகிறவர்கள் "ஏய் போடு" என்று மூச்சைப் பிடித்தார்கள். மேலே உச்சியில் கட்டியிருந்த காகிதப்பூ வளைவு ஆடியது. மங்கிய வெளிச்சத்தில் கீழேயிருந்து பார்த்தால், வளைவு கம்பியில் இடிக்கிற மாதிரிதான் இருந்தது. உண்மையில் இடைவெளி இருந்தது. ஒருவன் "கம்பி இடிக்குது" என்றான். பிறகு எல்லோரும் "தூக்கு தூக்கு" என்றார்கள். எட்டு வருடப் பழக்கம். செல்வம் எழுந்து நின்றான், கம்பை எடுத்தான்.

நான் சப்பரத்துக்குப் பின்னால் வந்த ஜெனரேட்டர் வண்டிக்கும் பின்னால் இருந்தேன். "செல்வம், கம்ப போடுடா!" என்று கத்தினேன். ஜெனரேட்டர் சத்தம், ஒலிபெருக்கியில் பாட்டு, மேளம், இருநூறு பேர். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்னால் இருந்தவனின் முதுகில் குத்தினேன். அவன் திரும்பி, "கும்பிடு பெருசு, அம்மா நல்லா தெரியுது" என்றான்.

கேட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் மேலே பார்த்துவிட்டார். இடையில் கூட்டம். சப்பரத்தின் சக்கரத்தில் ஏறிச் சொல்ல இனி வழியில்லை. கத்துய்யா, கத்துய்யா என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. திரும்பி, சப்பரத்துக்கு எதிர்த்திசையில் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. தப்பித்து ஓடுகிறான் என்று நினைத்தேன். 'ன்' போட்டுத்தான் நினைத்தேன்.

அவர் எனக்கு முன்னால் நின்ற ஜெனரேட்டர் வண்டியில் பாய்ந்தார். அதைப் பார்த்துக்கொள்கிற ஆள் "ஏய், ஏய்" என்று எழுவதற்குள் நிறுத்துகிற பிடியை இழுத்துவிட்டார்.

சீரியல் விளக்கெல்லாம் அணைந்தது. அம்மன் முகம் மறைந்தது. பாட்டு பாதிச் சொல்லில் நின்றது. மேளக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். இருநூறு பேரும் வாயடைத்து நின்றார்கள், அம்மன் சப்பரத்தில் விளக்கு அணைவது சின்ன விஷயமா?

அந்த அமைதியில் எங்கள் தலைக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது. ஈரம் பட்டு எண்ணெய் பொரிகிற மாதிரி, 'ஸ்ஸ்ஸ்' என்று, நிற்காமல். கம்பியைத் தாங்கும் பீங்கான்களிலிருந்து வந்தது. வண்டி எதுவும் வரவில்லை. வண்டி வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

ஜெனரேட்டர் வண்டிமேல் நின்றபடியே கேட்டுக்காரர் சொன்னார். லாரிக்காரனிடம் பேசிய அதே குரல். இருநூறு பேருக்கும் கேட்டது.

"தம்பி, கம்ப மெதுவா கீழ எறக்குங்க."

விளக்கு அணைந்ததும் தன் கம்புதான் ஏதோ ஒயரை அறுத்துவிட்டது என்று நினைத்து, செல்வம் கையை அப்படியே நிறுத்தியிருக்கிறான். நிமிர்ந்து பார்த்தான். ஈர மூங்கிலின் இரும்பு நுனிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது என்று அவன்தான் பிறகு சொன்னான். கம்பை இறக்கினான். பிறகு கூரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அத்தோடு ஜனங்கள் கைகூப்பியிருக்க வேண்டும். ஆனால் ஜெனரேட்டர்காரன் கேட்டுக்காரரின் கன்னத்தில் ஒரு அறை விட்டான்.

"அம்மாவ இருட்டுல நிறுத்திட்டியேடா! யார்ரா நீ?"

இன்னும் நாலைந்து பேர் சட்டையைப் பிடித்தார்கள். கழுத்துப் பொத்தான் அன்றைக்குத்தான் அறுந்தது. நான் நடுவில் புகுந்தேன், என் கண்ணாடி கீழே விழுந்தது. கேட்டுக்காரர் எதிர்த்துக் கை ஓங்கவில்லை. பிடித்தவனின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார், அவன் கையை விட்டான். பிறகு கேட்டுக் கொட்டகைக்குப் போய், போனை எடுத்து, சப்பரம் தடத்தில் மாட்டியிருக்கிறது என்று ஸ்டேஷனுக்குச் சொன்னார். டார்ச் கொண்டுவந்து டயருக்கு வெளிச்சம் காட்டினார். சப்பரம் தாண்டியது. அந்தப் பக்கம் போனபிறகுதான் ஜெனரேட்டரை ஓட்டவிட்டார்.

மறுநாள் காலை கேட்டுக் கொட்டகைக்குப் போனேன். கன்னம் வீங்கியிருந்தது. பொத்தான் இருந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்ததையே கேட்டேன்.

"கத்தியிருக்கலாமே?"

"கத்துறதுக்குத் தான் அங்க அவ்ளோ பேரு இருந்தாங்களே சார்" என்றார். பிறகு, "தம்பி ராத்திரி தூங்குனாரா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ரெண்டு நாளைக்குக் கம்பத்துல ஏற உடாதீங்க. கை நடுங்கும்."

"உங்க சட்டைய புடிச்சவங்கிட்ட என்ன சொன்னீங்க?"

"மூங்கில் ஈரமா இருக்கு, தொட்டுப் பாருங்கன்னேன்."

அடுத்த வருடம் அவரை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கே என்று அவர் என்னிடம் வந்து சொல்லியிருப்பார், நான் அந்த வாரம் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கண் அறுவைக்காகப் படுத்திருந்தேன். இப்போது எங்கள் கேட்டில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். கேட்டு இறங்கும்போது அலறுகிறது. அது அலற அலற ஜனங்கள் கீழே குனிந்து போகிறார்கள். நேற்று பதினேழு பேர்.

ஆனால் அவர் மாறிப் போனதில் இது முடியவில்லை. சம்பவம் நடந்த மூன்றாம் நாள் தலைவர் என்னை மாவு மில்லுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கேட்டுக்காரரும் அங்கே நின்றிருந்தார். மில் ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"கரண்ட் இருந்துச்சோ இல்லியோ, அது வேற! வெளக்கு அணைஞ்சது அணைஞ்சது தான்! பூசாரி பரிகாரம் பண்ணணும்ன்றார்! அணைச்சவர் தான் செலவ குடுக்கணும், கமிட்டி முடிவு! கணக்குல எழுதிக்குங்க!"

கேட்டுக்காரர் சட்டைப் பையில் கையை விட்டார். கொடுக்கவே போனார். எடுத்தது கசங்கிய நோட்டுகளின் ஒரு சின்னக் கற்றை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கையைப் பைக்குள்ளேயே தள்ளினேன். பிறகு தலைவரைப் பார்த்துச் சொன்னேன்.

"என்னா? கேக்கல!" என்று தலைவர் காதில் கையை வைத்தார்.

குரலை உயர்த்தாமல் மறுபடியும் சொன்னேன்.

"சத்தமா சொல்லுங்க சார்!"

சுவரில் இருந்த சுவிட்சைக் கைகாட்டினேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய் அணைத்தார். பெல்ட் இன்னும் கொஞ்சம் சுற்றி, தளர்ந்து, நின்றது. மாவு அரைக்க வந்திருந்த நாலு பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

"மில்ல நிறுத்துங்க, சொல்றேன்னு சொன்னேன்" என்றேன். "அணைச்சது அவர். ஆனா எரியறது எம் மவன் வூட்டு வெளக்கு. எவ்ளோன்னு சொல்லுங்க, நான் குடுக்கறேன்."

தலைவர் கேட்டுக்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மாவு படிந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு, யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில் கூட்டினார். அபிஷேகத்துக்குப் பால், தயிர், பன்னீர், எலுமிச்சை மாலை, புது விளக்கு ஒன்று, எண்ணெய், பூசாரி தட்சணை. நான் மறுபடியும் ஒருமுறை மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. நாலாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.